துடக்கு வீட்டில் ஒரு புத்தகம்

புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. நடுவில் திறப்பேன், பிடித்தால் முன்னுக்கு வருவேன். படிக்கும்போது உதடு அசையும். கவிதை எழுதுகிறவளுக்கு இந்தக் கிறுக்குகூட இல்லாவிட்டால் எப்படி? இன்னொன்றும் உண்டு. வீட்டில் பாட்டு ஓடாவிட்டால் எனக்கு ஒரு வரியும் மண்டையில் ஏறாது.

பாட்டுப் போடுவது என் கணவரின் வேலை. ஒரு புத்தகமும் படித்தறியாத மனிதர், அட்டையைப் பார்த்தே பாட்டைத் தீர்மானிப்பார்.

"இண்டைக்கு என்ன பொத்தகம் புள்ள? மொத்தமாக் கிடக்கு. அப்ப நாதஸ்வரந்தான்."

தடித்த புத்தகத்துக்கு நாதஸ்வரம், மெல்லிய கவிதைத் தொகுப்பென்றால் புல்லாங்குழல். ஃபோனைச் சின்ன ஸ்பீக்கரில் இணைத்துவிட்டு, வாவிப் பக்கம் திரும்பி, கண்ணை மூடிச் சாய்ந்துகொள்வார். நித்திரையாகிவிட்டார் என்று கேலி செய்வேன். "நித்திரை இல்ல, நீ படி" என்பார்.

இந்த வருடம் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. எங்கள் தேற்றாத்தீவில், முப்பத்தோராம் நாள் சடங்கு முடியும்வரை செத்த வீட்டுக்குத் துடக்கு, அதாவது தீட்டு; பாட்டுக் கேட்பதில்லை. என்னோடு வந்து தங்கிய அக்கா ஸ்பீக்கரை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டார். அயல்வீடுகளில் டிவிச் சத்தமும் குறைந்தது. தெருவெல்லாம் பாட்டோடு பேக்கரிப் பாண் விற்று வரும் ஆட்டோகூட எங்கள் படலைக்கு முன்னால் ஊமையாகிவிடும். எல்லாம் மரியாதைதான். எனக்கோ மூச்சு முட்டியது. அழுது களைத்த நேரத்தில் பிடித்துக்கொள்ளப் புத்தகம் ஒன்றுதான் மிச்சம், அதுவும் ஏறவில்லை.

ஒரு காலை பாண்காரரிடம் கேட்டேவிட்டேன். "தம்பி, அந்தப் பாட்டக் கொஞ்சம் போடுங்களன்."

அவர் தயங்கி அக்காவைப் பார்த்தார்.

"துடக்கு வீட்டு வாசல்ல எப்பிடிப் போடுற?" என்றார் அக்கா.

எனக்குக் கோபம் வந்தது. "செத்தவருக்கே பாட்டெண்டா உயிர், அக்கா."

அக்கா அழத் தொடங்கிவிட்டார். நான் பாணை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

சடங்கு முடிந்த மறுநாள், அக்காவே ஸ்பீக்கரைத் துடைத்து என் முன்னால் வைத்தார். "இனிப் போடு. இருந்து படி." மெல்லிய தொகுப்பொன்றை எடுத்துக்கொண்டு, புல்லாங்குழலைப் போட்டேன். பழகிய பாட்டுத்தான். ஆனால் கண் ஒரே வரியில் நின்றது. பாட்டு எங்கே ஏறுகிறது, எங்கே மூச்சு எடுக்கிறது என்று காது அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. பாட்டை நிறுத்தவும் மனம் வரவில்லை. இத்தனை வருடம் இந்த வீட்டில் ஓடிய அந்தப் பாட்டை நான் ஒருநாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. கேட்டவர் அவர். அவர் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தபடியால், நான் படித்திருக்கிறேன்.