கொசுறாகப் போட்ட கடலை மிட்டாய்

போன வருடம், குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்த ஒரு சனிக்கிழமை. தென்காசியில் காலையிலிருந்தே சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டு முன்னறையில் அட்டைப்பெட்டி, கத்திரி, டேப் எல்லாவற்றையும் பரப்பிவைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தேன். ஆன்லைனில் கடை திறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

விற்றது நேந்திரங்காய் சிப்ஸ். செங்கோட்டையில் ஒருவர் தேங்காய் எண்ணெயில் போடுவார், மலையாளி என்பதால் ஊரே அவரைச் சேட்டன் என்றுதான் கூப்பிடும். அவரிடம் மொத்தமாக வாங்கி, வீட்டில் பாக்கெட் போட்டு, கடைப் பெயரை ஒட்டி அனுப்புவேன். துணிக்கடையில் பதினோரு வருடம் பில் போட்ட வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியிருந்தேன். கணவர் போலீஸ்காரர். சீசன் வந்தால் அவருக்கு அருவிக்கரையில் பந்தோபஸ்து, வீட்டுக்கு வருவதே அபூர்வம். அதனால் கடைக்கு முதலாளியும் நான்தான், வேலையாளும் நான்தான்.

துணிக்கடையில் பார்க்காத வாடிக்கையாளர்களா என்ற தைரியத்தில்தான் ஆரம்பித்தேன். ஆனால் இது வேறு உலகம். ஒருவர் பாதி பாக்கெட்டைச் சாப்பிட்டுவிட்டு, மீதியை 'பிடிக்கவில்லை' என்று திருப்பி அனுப்பினார். ஒரு அம்மா, சிப்ஸ் அருமை, ஆனால் கொண்டுவந்தவர் மணியை மூன்று முறை அடித்தார் என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் போட்டார். மணியை நானா அடித்தேன்? அந்தத் தளத்தில் நட்சத்திரம் குறைந்தால் கடையை முடக்கிவிடுவார்கள். ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை வந்திருந்தது. வேலையை விட்டது தப்போ என்று அப்போதெல்லாம் தினமும் ஒரு தடவை நினைப்பேன்.

என்னைப் போல வீட்டிலிருந்து விற்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அன்றன்றைக்கு வரும் வில்லங்கமான வாடிக்கையாளர்களைப் பற்றி அதில் புலம்புவோம். புலம்பல் என்று சொல்வது மரியாதைக்கு. உண்மையில் கேலிதான் பண்ணுவோம்.

அந்த வாரம் எனக்கு வாய்த்தவர் சென்னைக்காரர். ஆர்டர் போடுவதற்கு முன்பே கேள்விமேல் கேள்வி கேட்டார். எந்த எண்ணெய்? கடலை எண்ணெய் கலப்பீர்களா? அதே சட்டியில் வேறு ஏதாவது பொரிப்பார்களா? பாக்கெட் போடும் இடத்தில் வேறு தின்பண்டம் இருக்குமா? எல்லாம் ஆங்கிலத்தில், வக்கீல் நோட்டீஸ் மாதிரி. என்னவோ குறை கண்டுபிடித்துப் பணத்தைத் திரும்பக் கேட்கப்போகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். சட்டுப்புட்டென்று பதில் போட்டேன். தேங்காய் எண்ணெய்தான் சார். வேறு எதுவும் பொரிப்பதில்லை சார். ஒன்றும் இருக்காது சார். ஒவ்வொரு பதிலுக்கும் இரண்டு விநாடி ஆகியிருக்கும்.

கடைசியில் ஆர்டர் போட்டார். பார்சல் ஒரு பெண்ணின் பெயருக்குப் போகவேண்டும் என்று போட்டிருந்தது. மனைவியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் கடையில் எதை வாங்கினாலும் கொசுறு என்று ஒரு பிடி கையில் வரவேண்டும். அது வராவிட்டால் வாங்கின மாதிரியே இருக்காது. ஆன்லைன் கடைக்காரர்கள் யாரும் செய்யாததை நாம் செய்வோம் என்று, நானும் ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு கடலை மிட்டாய் போட்டு அனுப்புவேன். கலர் காகிதத்தில் சுற்றி, 'வீட்டுக் குழந்தைகளுக்கு எங்கள் அன்பு' என்று என் கையாலேயே ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைப்பேன். இந்தச் சென்னைக்காரரைக் குளிர வைத்தால் ஐந்து நட்சத்திரம் கிடைக்குமே என்று அவர் பெட்டியில் மட்டும் நாலு போட்டேன்.

பதினோரு மணிக்குக் கூரியர் அண்ணன் வந்து பெட்டிகளை வாங்கிப்போனார். தினமும் வருகிறவர், நாற்பது வயது இருக்கும், மழைக்கோட்டைக் கழற்றாமலே வாசலில் நின்று ஸ்கேன் பண்ணிவிட்டுப் போவார்.

சாப்பிட்டு முடித்துவிட்டுப் போனை எடுத்தேன். சென்னைக்காரரின் கேள்விகளைப் படம் எடுத்துக் குழுவில் போட்டால் நல்ல சிரிப்பாக இருக்கும். 'குடைச்சல் நம்பர் ஒன்று' என்று தலைப்புகூட யோசித்துவிட்டேன். அவருடைய முதல் செய்தி நீளமானது. மூன்று வரிக்குக் கீழே 'மேலும் படிக்க' என்று இருந்தது. முழுசாகப் படம் எடுக்கவேண்டுமே என்று அதை அன்றைக்குத்தான் முதல்முதலாகத் தொட்டேன்.

கீழே இப்படி எழுதியிருந்தார். என் மகளுக்கு ஆறு வயது. அவளுக்கு நிலக்கடலை ஆகாது. தூள் பட்டாலே மூச்சு அடைத்துவிடும், இரண்டு முறை ஐ.சி.யூ.வில் வைத்துப் பிழைத்திருக்கிறாள். அதனால்தான் இத்தனை கேள்வி, மன்னிக்கவும். அவள் பெயருக்கு இதுவரை பார்சல் வந்ததில்லை. பெட்டியை அவளே பிரிக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறாள்.

அந்தப் பெண் பெயர், குழந்தையின் பெயர். கலர் காகிதம் சுற்றின நாலு கடலை மிட்டாயை 'குழந்தைகளுக்கு' என்று என் கையெழுத்திலேயே எழுதி அனுப்பியிருக்கிறேன்.

உடனே அவருக்குச் செய்தி அனுப்பினேன். அவர் பார்க்கவில்லை. வாங்குபவரின் போன் நம்பரைத் தளம் நமக்குக் காட்டாது. உதவி மையத்துக்கு அடித்தேன். ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்று ஓடி, கடைசியில் ஒரு பெண் பேசினார். நம்பர் தர அனுமதி இல்லை மேடம், புகாராகப் பதிந்துகொள்கிறோம், நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பதில் வரும் என்றார். ஒரு குழந்தையின் உயிர் என்று கத்தினேன். அவர் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொன்னார்.

கூரியர் அண்ணன் போனை எடுக்கவில்லை. மழை நாளில் போனைப் பாலித்தீன் பையில் சுற்றி உள்பக்கம் வைத்துக்கொள்வார் என்று தெரியும். எங்கள் வீட்டுக்குப் பிறகு அவர் போவது குற்றாலம். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். யோசித்துச் செய்த காரியம் இல்லை, சும்மா உட்கார முடியவில்லை.

சீசன் சனிக்கிழமையில் குற்றாலத்துக்கு வண்டியில் போகிற முட்டாள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வேனும் காரும் வரிசைகட்டி நின்றன. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஈரத்தோடு ஆட்கள் நடுரோட்டில் நடந்தார்கள். அருவிக்கரை ரோட்டில் தடுப்பு போட்டிருந்தது. தடுப்புக்குப் பின்னால் என் கணவர். என்னைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கு என்ன ஆனதோ என்று ஓடிவந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

"ஏட்டி, கொசுறு போடச் சொல்லி உன்ன யாரு கேட்டா?" என்றார் முதலில். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "கூரியர்காரரு அப்பவே செங்கோட்டைக்குப் போயிட்டாரு. இங்கன நிக்காத. நேரா கூரியர் ஆபீசுக்குப் போ. நாலு மணிக்கு வண்டி கிளம்பிரும்."

திரும்பி வரும் வழியில் அதே நெரிசல். நான் அழுதுகொண்டே ஹாரன் அடித்தேன். சாரலில் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆபீசுக்குள் நுழைந்தபோது நாலுக்குப் பத்து நிமிடம் இருந்தது. கூரியர் அண்ணன் ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் கொண்டுவந்த பார்சல்கள் சாக்கில் கட்டி சீல் வைக்கப்பட்டு, வாசல் பக்கம் அடுக்கியிருந்தன. மேஜையில் இருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். நான் சொன்னதை முழுசாகக் கேட்காமலே தலையை ஆட்டினார்.

"சீல் வச்ச சாக்க நான் பிரிக்க முடியாதும்மா. மேல எழுதிக் கேளுங்க."

எழுதிக் கேட்க நேரம் இல்லை என்றேன். சென்னை ஆபீஸ் நம்பர் கேட்டேன். அங்கே யாராவது தடுத்து நிறுத்துவார்களா என்று கேட்டேன். டெலிவரி செய்பவர் நம்பர் இன்றைக்கே கிடைக்குமா, பெட்டி எந்தச் சாக்கில் இருக்கிறது, மேலதிகாரி யார், அவர் இப்போது எங்கே இருப்பார் என்று வரிசையாகக் கேட்டேன். அவர் பதில் சொல்லச் சொல்ல அடுத்தது, அடுத்தது. பின்னால் நின்ற இரண்டு பேர் உச்சுக் கொட்டினார்கள்.

"ஏம்மா, ஒத்தப் பார்சலுக்கா இத்தன குடைச்சல் குடுக்குதிய?" என்றார் அவர்.

குடைச்சல். மதியம் நான் யோசித்து வைத்திருந்த அதே சொல். சென்னைக்காரரை நான் எந்த முகத்தோடு பார்த்தேனோ, அதே முகத்தோடு அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் நகரவில்லை. அந்தக் குழந்தையின் அப்பா நகர்ந்திருக்க மாட்டார் என்று தோன்றியது.

"ஆமா அண்ணாச்சி, குடைச்சல்தான். ஆறு வயசுப் பிள்ளை. அந்தப் பெட்டி போய்ச் சேந்தா பிள்ளைக்கு மூச்சு நின்னு போவும். நான் இங்கனயே நிக்கேன்" என்றேன்.

வெளியே வேன் வந்து பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அதுவரை வாயைத் திறக்காத கூரியர் அண்ணன் டம்ளரை வைத்துவிட்டுச் சாக்குகளிடம் போனார். குனிந்து ஒன்றின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இந்தச் சாக்கு அருவிக்கரை ரோட்டுல நல்லா நனைஞ்சிட்டு. இப்படியே ஏத்துனா திருநெல்வேலியில நம்மளத்தான கேப்பாவ" என்றார்.

சீசன் நாட்களில் சாக்கு நனைந்திருந்தால் பிரித்து, ஈரமான பார்சல்களை எடுத்துவிட்டுத்தான் மறுபடி கட்டவேண்டும் என்று அங்கே ஒரு முறை உண்டாம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மேஜைக்காரர் சாக்கைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். எழுந்துபோய்க் கையால் தொட்டுப் பார்த்தார். நிஜமாகவே ஈரம்தான். பிளேடை எடுத்து சீலை வெட்டினார்.

என் பெட்டி நடுவில் இருந்தது. ஒரு மூலை ஊறியிருந்தது. "திருப்பி எடுத்தா உங்க கடைக்குத்தான் கெட்ட பேரு, பரவாயில்லையா?" என்று கேட்டார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். ஸ்கூட்டியில் வைத்தே பிரித்தேன். கலர் காகிதம் நாலும் அப்படியே இருந்தன. மேலே என் அன்பும் இருந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் தப்பித்தோம் என்று சாமி கும்பிட்டுவிட்டுப் போயிருப்பேன். மறுநாள் காலை, கொசுறு இல்லாமல் புதுப் பெட்டி ஒன்று அனுப்பலாமே என்று செங்கோட்டைக்குப் போனேன். சிப்ஸ் எடைபோடும்போது, எதற்கும் கேட்டுவைப்போம் என்று, இந்தச் சட்டியில் வேறு ஏதாவது பொரிப்பீர்களா என்றேன். சேட்டன் சிரித்தார்.

"காலையில சிப்ஸு, உச்சைக்கு மேல மசாலாக் கடலை. சட்டி ஒண்ணே உள்ளூ."

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மிட்டாயை விடுங்கள், அந்தக் குழந்தைக்காக நான் அனுப்பின சிப்ஸே கடலைச் சட்டியில் பொரித்தது. சென்னைக்காரர் அதைத்தான் குறிப்பாகக் கேட்டிருந்தார். நான் 'இல்லை சார்' என்று போட்டிருந்தேன். பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. யாரையும் கேட்காமல் சொன்னேன், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குழந்தைக்கு இரண்டும் ஒன்றுதானே?

அங்கிருந்தே அவருக்கு எழுதினேன். மிட்டாய், சட்டி, 'மேலும் படிக்க' என்பதைத் தொடாதது, எல்லாவற்றையும் எழுதினேன். உங்களைக் கேலி பண்ணப் போனதால்தான் தெரிந்தது என்பதையும் மறைக்கவில்லை. திட்டுவார், புகார் கொடுப்பார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

மதியம் பதில் வந்தது. முதல் வரி 'நன்றி'. அடுத்த வரி, வழக்கம்போல ஒரு கேள்வி. கடலை படாத சட்டியில் சிப்ஸ் போடுபவர்கள் உங்கள் பக்கம் யாராவது இருக்கிறார்களா? மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

இந்தத் தடவை உடனே பதில் எழுதவில்லை. செங்கோட்டையில் நாலு கடை, தென்காசியில் மூன்று, கடையத்தில் ஒன்று என்று இரண்டு நாள் ஏறி இறங்கினேன். எல்லோரும் அதே சட்டியில்தான் கடலையும் பொரித்தார்கள். மூன்றாம் நாள் அவருக்கு 'இல்லை சார்' என்று எழுதினேன். என் வியாபாரத்தில் விசாரித்துவிட்டுச் சொன்ன முதல் 'இல்லை' அதுதான்.

பார்சலைத் திருப்பி எடுத்ததற்காகத் தளம் என் கடையை ஒரு வாரம் முடக்கி வைத்தது. மறுபடி திறந்தபோது, சிப்ஸ் பக்கத்தில் 'கடலை பொரித்த சட்டியில் செய்தது' என்று முதல் வரியிலேயே போட்டேன். அந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து சொல்லாமல் விலகிவிட்டேன். கொசுறு இன்றைக்கும் உண்டு, ஆனால் 'போடட்டுமா?' என்று கேட்டுவிட்டுத்தான். கேட்டுப் போடுவது கொசுறே இல்லை என்று கணவர் கிண்டல் பண்ணுவார்.

முகம் தெரியாத அந்தக் குழந்தைக்கு இப்போது ஏழு வயது ஆகியிருக்கும். இன்றைக்கும் யாருக்காவது 'இல்லை சார்' என்று எழுதப்போனால் விரல் ஒரு நிமிடம் நிற்கிறது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிவிட எனக்கு இரண்டு விநாடி போதும் என்று அன்றைக்கு வந்த பயம் இன்னும் போகவில்லை, அது போகவும் வேண்டாம்.