சொந்தக் குலைக்கு எழுபதாயிரம்

நீர்வேலியில் ஞானாம்பிகையின் வீட்டுக்கு வழி கேட்டால், "லாண்ட்மாஸ்டர் நிக்கிற வீடு" என்றுதான் சொல்லுவார்கள். சொன்னார்கள் என்று எழுதுவதே இப்போது சரி.

அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை அவளுடைய கணவர் சிவசுப்பிரமணியம் லீசிங்கில், மாதத் தவணைக்குத்தான் எடுத்தார். எடுத்த கையோடு அம்மன் கோயிலடிக்குக் கொண்டுபோய், சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, முன்பக்கத்தில் சந்தனப் பொட்டும் வைப்பித்தார். தன் தோட்டம் உழுதது போக ஊராரின் தோட்டங்களையும் கூலிக்கு உழுதார். பின்னால் இழுவைப் பெட்டியைப் பூட்டி வாழைக்குலைகளைச் சந்தைக்கு ஏற்றினார். பிரான்ஸில் இருக்கிற ஞானாம்பிகையின் தம்பி பிரகலாதன் ரெலிபோன் எடுக்கிற நேரம் அது உறுமினால், "அக்கா, அத்தான் ஸ்ரார்ட் பண்ணுறார் போலை. போனைக் கொஞ்சம் அங்காலை பிடியுங்கோ" என்பான். எங்கேயோ ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் கோப்பை கழுவிக்கொண்டு நிற்கிறவனுக்கு, அந்தத் தடதடச் சத்தம் காதில் விழுந்தால் முற்றத்தில் வந்து நிற்கிற மாதிரி இருக்குமாம்.

போன கார்த்திகையில் அடித்த காற்று, குலை தள்ளி நின்ற இதரை வாழைகளை எல்லாம் படுக்க வைத்துவிட்டது. கிணற்றடி மதிலின் மறைப்பில் நின்ற சில இளவாழைகள்தான் தப்பின. புது வாழைக்குட்டி வைத்துக் குலை வெட்ட ஒரு வருடம் வேண்டும். காற்றோடு வந்த வெள்ளத்தில் மற்றவர்களின் வெங்காயமும் அழுகியதால் உழவுக்குக் கூப்பிடவும் ஆள் இல்லை. மாதம் பதினேழாயிரம் கட்ட வேண்டிய லீசிங் காசு தை, மாசி, பங்குனி என்று தங்கிப் போனது. லீசிங்காரர் அந்தக் கணக்கைத் தூக்கி, நிலுவை அறவிடுகிற இன்னொரு கம்பனியின் கந்தோரிடம் கொடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகுதான் ரெலிபோனை எடுக்க ஞானாம்பிகை பயப்படத் தொடங்கினாள். காலையில் சாமிப் படத்துக்குப் பூ வைக்கிற நேரம் பார்த்துக் கந்தோர்க்காரர் அடிப்பார்கள். பேசுகிற பேச்சு அவள் கேட்டுப் பழகாத பேச்சு. கொக்குவிலில் இருக்கிற மருமகன் லக்ஷன்தான் பிணைக்குக் கையெழுத்து வைத்தவன். அவனுடைய வேலைத்தலத்துக்கும் ரெலிபோன் அடித்தார்கள். மகள் அழுதுகொண்டு கதைத்தாள்.

"நீ போய்க் கதை," என்றார் சிவசுப்பிரமணியம். "நான் போனால் வாய் கதைக்காது, கைதான் கதைக்கும்."

அவள் போனாள். யாழ்ப்பாண ரவுணில், ஒரு மேல்மாடியில் அந்தக் கந்தோர். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே குளிர். அருட்செல்வன் என்ற பெடியன்தான் அவர்களுடைய கணக்கைப் பார்க்கிறவன். பக்கத்து ஊர்க்காரன், மகளுடைய வயதுதான் இருக்கும். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான்.

"முழு நிலுவையையும் கட்டுங்கோ. இல்லாட்டி வாகனத்தைத் தூக்குவம்."

"தம்பி, வாற மாசியிலை குலை வெட்டத் தொடங்கிடலாம். அதுவரைக்கும் மாதம் ஏழாயிரம் கட்டுறம். பிறகு விட்டதையும் சேத்துக் கட்டுறம்."

"ஏழாயிரமோ? உதென்ன சந்தையே அம்மா, விலை குறைச்சுக் கேக்க?"

"குறைச்சுக் கேக்கேல்லைத் தம்பி, ஏலுமானதைச் சொல்லுறன். பதினேழு எண்டு வாயாலை சொல்லிப்போட்டு அடுத்த மாதம் உங்களைக் கண்டு ஒளிக்க எனக்கு விருப்பமில்லை."

அவன் இப்போதுதான் நிமிர்ந்தான். "சரி, வெளிநாட்டிலை ஆர் இருக்கினம்?"

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. பிரகலாதனுக்கு இன்னும் அந்த நாட்டு வதிவிடக் கார்ட் கிடைக்கவில்லை. அவனே கடன்காரன்.

"உதவக்கூடிய ஆக்கள் ஒருத்தரும் இல்லை," என்றாள்.

அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அது அவளுக்கு முள்ளுப்போலக் குத்திக்கொண்டு வந்தது.

அன்றைக்கு ஒன்றும் சரிவரவில்லை. திரும்பவும் போனாள். மனேச்சர் இல்லை என்றார்கள். இன்னொரு நாள் அருட்செல்வன் இல்லை. இன்னொரு நாள் இருவரும் இருந்தார்கள், ஆனால் நேரம் இல்லை. அவள் சண்டை பிடிக்கவில்லை. வாசலோடு கிடந்த கதிரையில் இருந்து தேவாரத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பாள். தேத்தண்ணீர் கொண்டு திரிகிற பெட்டை ஒருநாள் சிரித்தாள். "அம்மா, உங்களுக்கும் இஞ்சை சம்பளம் போடவேணும் போலை கிடக்கு."

கடைசியில் மனேச்சரே உள்ளிருந்து வந்தார். "ஆர் இந்த அம்மா? நான் வரேக்கை போகேக்கை எல்லாம் இருக்கிறா?" என்று கேட்டு, கணக்கைப் பார்த்து, பெருமூச்சு விட்டார். "சரி, மாசி வரைக்கும் மாதம் ஏழாயிரம். ஒரு மாதம் தவறினாலும் கதை முடிஞ்சுது."

"ஐயா, இதை எழுதித் தருவியளோ?"

"முதல்லை கட்டிக் காட்டுங்கோ. பிறகு எழுதுறதைப் பாப்பம்."

வீட்டுக்கு வந்து அம்மன் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினாள். சிவசுப்பிரமணியம் வெளியே போய் லாண்ட்மாஸ்டரைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. வைகாசிக் காசு தவறாமல் கட்டுப்பட்டது.

ஆனியில் கோயில் கொடியேறியது. கிணற்றடியில் தப்பி நின்ற வாழைகளில் முதல் குலை முற்றியிருந்தது. முதல் குலை அம்மனுக்கு. அதில் அவர்கள் ஒருநாளும் இரண்டு கதை கதைத்ததில்லை. கொடுத்த குலையைத் தேருக்கு அடுத்த நாள் கோயிலில் ஏலம் விடுவார்கள். எடுக்கிறவர் கொடுக்கிற காசு கோயிலுக்குச் சேரும்.

அந்தக் கிழமைதான் பிரகலாதன் அழுதுகொண்டு கதைத்தான். கலியாணம் செய்து எத்தனையோ வருடத்துக்குப் பிறகு பிறந்த பெண்பிள்ளை. ஏழாம் மாதத்திலேயே பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது.

"அக்கா, அம்மாளாச்சிக்கு எழுபதாயிரம் நேந்திட்டன். ஏலத்திலை ஏதாவது எடுத்துக் குடுங்கோ. காசு கைமாத்தாத்தான் வாங்கினனான், அனுப்புறன். ஆனா என்ரை பேரைச் சொல்லிப்போடாதேங்கோ."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவன் பயணம் போவதற்காக, ஒழுங்கை முடக்கில் இருக்கிற தில்லைநாதன் அண்ணை தன்னுடைய மகள் ஜெயகௌரியின் காப்பையும் சங்கிலியையும் அடகு வைத்துக் காசு கொடுத்தவர். பிரகலாதன் காசைத் திருப்பாததால், மீட்க வழியில்லாமல் அந்த நகை வங்கியில் ஏலம் போய்விட்டது. ஒலிபெருக்கியில் பிரகலாதன் பேர் கேட்டால் அந்த மனுஷனின் மனம் என்ன பாடுபடும்!

"அத்தான்ரை பேரிலை எடுப்பம்," என்று சொன்னது ஞானாம்பிகைதான். தில்லைநாதனை நினைத்தாளே தவிர, ரவுணில் இருக்கிற மேல்மாடியை அவள் நினைக்கவேயில்லை.

காசு வந்து ஒரு நாள் அலுமாரிக்குள் கிடந்தது. நாலு மாத லீசிங் காசு. நேர்ந்த காசு என்பதால் அவள் அதை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

ஏலத்தில் அவர்களுடைய குலை வந்தபோது ஐயாயிரத்தில் தொடங்கி, ஏறி ஏறி இருபத்தெட்டில் நின்றது. சிவசுப்பிரமணியத்துக்கு ஏலம் கேட்டுப் பழக்கமில்லை. நேர்ந்த தொகை குறையக்கூடாது என்பது ஒன்றுதான் அவருடைய மனதில் இருந்தது. கையை உயர்த்தி, "எழுபதாயிரம்!" என்றார்.

சனம் ஒருக்கால் அடங்கிப் பிறகு கொல்லென்று சிரித்தது. "அட, தன்ரை குலையைத் தானே எடுக்கிறான்! சிவசு, குலைக்குள்ளை என்ன, பவுனை ஒளிச்சு வைச்சிருக்கிறியோ?" என்று ஒருவர் கத்தினார். "சிவசுப்பிரமணியம், எழுபதாயிரம்! மூன்றுதரம்!" என்று ஒலிபெருக்கி சொன்னது. பெண்கள் பக்கத்தில் நின்ற ஞானாம்பிகை கண்ணை மூடிக் கும்பிட்டாள். அம்மா, அந்தச் சின்னன் மூச்சு விடட்டும்.

கோயில் திருவிழாவைப் பேஸ்புக்கில் நேரலையாகக் காட்டுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். வெளிநாட்டில் இருக்கிற சனம் பார்க்கத்தான் என்று நினைத்திருந்தாள்.

ஆனிக் காசோடு அவள் கந்தோருக்குப் போனபோது அருட்செல்வன் காசை வாங்கவில்லை. தன் போனைத் திருப்பி மேசையில் வைத்தான். வேட்டி கட்டி, வெறும் மேலில் திருநீறு பூசி நின்ற அவளுடைய மனுஷன் அதற்குள் கையை உயர்த்தினார். எழுபதாயிரம்! சனம் சிரித்தது.

"வடிவாய்ப் பாருங்கோ அம்மா. இருபத்தெட்டிலை நிண்டதை ஒரே பாய்ச்சலிலை எழுபதுக்குக் கொண்டு போறார். நான் இஞ்சை மனேச்சரட்டை உங்களுக்காகப் பேச்சு வாங்கினனான்."

"அது எங்கடை காசில்லைத் தம்பி."

"பின்னை ஆற்றை காசு?"

வாய் வரை வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று அவளுக்குத் தெரியும். வெளிநாட்டிலே தம்பி இருக்கிறானோ, ஒரு வாழைக்குலைக்கு எழுபதாயிரம் எறிகிறவன் முழுக்கடனையும் கட்டட்டும் என்பான். அண்டைக்கு ஏன் மறைச்சீங்கள் என்பான். பக்கத்து ஊர்ப் பெடியன் வேறு. கதை பின்னேரத்துக்குள் தில்லைநாதன் படலைக்குப் போய்விடும்.

"அம்மாளாச்சியின்ரை காசு," என்றாள் மெல்ல.

"அப்ப அம்மாளாச்சியட்டைச் சொல்லி எங்கடை கணக்கிலையும் கொஞ்சம் போடச் சொல்லுங்கோ." பக்கத்து மேசைக்காரனும் சிரித்தான். அருட்செல்வன் சிரிக்கவில்லை. "கடன்காரன் முதல்லை கடனைக் கட்டவேணும் அம்மா. பிறகுதான் கோயில்."

அவன் அவளைப் பார்த்துத்தான் சொன்னான். ஆனால் அவளுக்கு ஜெயகௌரியின் வெறுங்கைதான் கண்ணுக்குள் வந்தது. ஏழாயிரத்தைத் திரும்பச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு படியிறங்கினாள்.

ஆடி பிறந்த கிழமையே வந்தார்கள். லொறியோடு நாலு பேர். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். சிவசுப்பிரமணியம் ஒரு வாளி தண்ணீர் அள்ளிவந்து சில்லில் ஒட்டியிருந்த செம்மண்ணைக் கழுவினார். "ஐயா, கழுவத் தேவையில்லை," என்றான் ஒருவன். அவர் கேட்காதவர் போலக் கழுவி முடித்து, கைப்பிடியில் கட்டியிருந்த கோயில் நூலை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டுதான் சாவியை நீட்டினார்.

சத்தம் கேட்டு ஓடிவந்தவர் தில்லைநாதன்தான். வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"உழுது திண்டவன்ரை வீட்டிலை வந்து உதைத் தூக்க உங்களுக்குக் கை கூசேல்லையோ? எங்கை, கடதாசி காட்டுங்கோ பாப்பம்!"

காட்டினார்கள். கண்ணாடி இல்லாமல் அவருக்கு வாசிக்க ஏலாது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விலகினார். லொறி ஒழுங்கை முடக்கால் திரும்பி மறைந்தது. விற்றுவிட்டு மிச்சம் இருந்தால் அறிவிப்பார்களாம்.

"சிவசு," என்றார் தில்லைநாதன், மூச்சு வாங்கிக்கொண்டு, "கோவியாதை. அந்த எழுபதை உதுக்குக் கட்டியிருந்தால் அம்மாள் உன்னோடை கோவிச்சிருப்பாளே? என்னட்டை இருந்தால் நான் தந்திருப்பன். உன்ரை மச்சான் தந்தால் எல்லோ எனக்கு."

சிவசுப்பிரமணியம் நிலத்தைப் பார்த்தார். ஞானாம்பிகைக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அண்ணை, அது பிரகலாதன்ரை காசு. பிள்ளைக்கு எண்டு நேந்தவன். உங்களுக்குத் தெரியக்கூடாது எண்டு இவற்றை பேரிலை எடுத்தது நான்தான்."

தில்லைநாதன் சில்லுத் தடத்தில் தேங்கி நின்ற சிவப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை தப்பிட்டுதே?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை. பெட்டியாலை வெளியிலை எடுத்திட்டினம்."

"ம். அவனுக்குச் சொல்லு, மாதம் மாதம் ஏலுமானதைப் போடச் சொல்லி. ஐயாயிரமோ ஆயிரமோ. நானென்ன, அவனைத் தேடி லொறி கொண்டு பிரான்சுக்குப் போகப் போறனே?" படலையடிக்குப் போய்த் திரும்பினார். "ஆனா நீ எனக்கு ஒளிச்சிருக்கக் கூடாது பிள்ளை."

லாண்ட்மாஸ்டர் வந்து போவதால் எந்நேரமும் திறந்தே கிடக்கிற படலையை, அவர் இழுத்துச் சாத்திவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் அதைத் திறந்து உள்ளே வரவில்லை. வழியில் கண்டால் தலையாட்டுவார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பிரகலாதன் எடுத்தான். பிள்ளை தாயிடம் பால் குடிக்கத் தொடங்கிவிட்டது என்று சிரித்தான். கன காலத்துக்குப் பிறகு அவன் சிரித்ததை அவள் கேட்டாள். தில்லைநாதனுக்கு ஏலுமானதை மாதம் மாதம் போடச் சொன்னாள்.

"போடுறன் அக்கா," என்றான். "அத்தான் எங்கை? ஒரு சத்தத்தையும் காணேல்லை."

ஞானாம்பிகை எட்டிப் பார்த்தாள். பின் தோட்டத்தில் சிவசுப்பிரமணியம் குனிந்து வாழைக்குட்டிகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். கொத்துவதும், நிமிர்ந்து இடுப்பைப் பிடிப்பதும், திரும்பக் கொத்துவதுமாக இருந்தார். மண்வெட்டிச் சத்தம் ரெலிபோனுக்குள் போகிற அளவு பெரிய சத்தம் இல்லை.

"இண்டைக்கு ஓடேல்லைத் தம்பி," என்றாள். "நீ பிள்ளையின்ரை கதையைச் சொல்லு."