நடுவர் இல்லாத களம்: ஜவ்வாது மலையில் இரண்டு நாள்

ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் கபடி அணி அரையிறுதியில் ஒரே ஒரு புள்ளியில் தோற்று, வெண்கலத்தோடு திரும்பிய சில நாள்களில் இந்தப் பயணத்தை மேற்கொண்டேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டு. நான் வேலூரில் ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் பணியாற்றுகிறேன். அதோடு இருபத்திரண்டு ஆண்டுகளாக மாவட்ட அளவில் கபடி நடுவராகவும் இருக்கிறேன். ஆகவே தோல்விக்கு மறுநாள் முதல் அலுவலகத்திலும் மருந்துக் கடையிலும் மாடிப்படியிலும் ஒரே கேள்விதான்: "அந்தப் பையன் ஏன் சார் தானா வெளியே போனான்?" விதியைச் சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை. அவர்கள் எதிர்பார்ப்பது விளக்கத்தை அல்ல, தங்கள் கோபத்துக்கு ஒரு துணையை. எனக்கு அலுத்துவிட்டது. கைப்பேசிக்கு ஒழுங்காகச் சிக்னல் கிடைக்காத இடமாக ஒன்று சொல்லுங்கள் என்று நண்பரைக் கேட்டேன். ஜவ்வாது மலை என்றார். புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை புறப்பட்டேன்.

ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. நாம் ஒரு புள்ளி முன்னிலை. எதிரணியிலிருந்து பாடி வந்தவர் நம் மூலைக் காவலரை நெருங்கிக் கையை வீசினார். தொட்டதாக நடுவர்கள் எவரும் காட்டவில்லை. பாடி வந்தவரே அதைக் கோரவில்லை. ஆனால் அந்த மூலைக் காவலர் கையை உயர்த்திவிட்டுப் பக்கக் கோட்டைத் தாண்டித் தானாக நடந்து வெளியேறினார். ஒருவர் பாடிக்கொண்டிருக்கும்போது (ரைடு) காவலர் கோட்டைத் தாண்டினால் ஆட்டமிழப்பு. எதிரணிக்கு ஒரு புள்ளி கிடைத்துச் சமநிலை ஆனது. அடுத்துப் பாடப் போன நம்மவர் பிடிபட்டார். அவ்வளவுதான்.

வேலூரிலிருந்து காலை 5.50 பேருந்தில் ஏறிப் படவேட்டில் 7.40-க்கு இறங்கினேன். கட்டணம் 48 ரூபாய். அம்மனைத் தரிசித்துவிட்டு மலை ஏறுவது திட்டம். சனிக்கிழமையானாலும் ஒன்பது மணிக்குள் கூட்டம் இல்லை. அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். வாடகைக் காரை முன்பே தொலைபேசியில் பேசி வைத்திருந்தேன்: நாளுக்கு 2,800 ரூபாய், ஓட்டுநர் படி 400 தனி. ஓட்டுநர் அண்ணாமலை மலையூர்க்காரர். நாற்பதை நெருங்கும் வயது. ஹாரனைக் குறைவாகவும் வாயை அதிகமாகவும் பயன்படுத்துபவர்.

நான் ஏறப் போகும்போது அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சார், கோவிச்சுக்காதீங்க. என் தம்பி கூட வருவான். இங்க தாய்மாமன் வூட்ல கீறான். முன்னாடி குந்திக்குவான், உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

முழு வண்டி என்று பேசிய பிறகு இன்னொருவரை ஏற்றுவது முறையல்ல என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் கரும்புத் தோட்டத்து வழியிலிருந்து தோளில் பையோடு ஓர் இளைஞர் வந்தார். இடது காலைச் சற்றே வெளிப்பக்கமாக வைத்து நடக்கும் நடை. அந்த நடையைத் தொலைக்காட்சியில் எத்தனை முறை போட்டுக் காட்டியிருக்கிறார்கள்! பக்கக் கோட்டை நோக்கிப் போன அதே நடை. மூலைக் காவலர் வேடியப்பன். பின் இருக்கையில் ஏறி, என் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

படவேட்டிலிருந்து போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் வரை வண்டியின் மீட்டர் 61 கிலோமீட்டர் காட்டியது. போளூரைத் தாண்டினால் பெட்ரோல் கிடைப்பது நிச்சயமில்லை; அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். நாங்கள் நிரப்பும்போது வேடியப்பன் முன் இருக்கையில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணாமலை என்னை டீக்கடைப் பக்கம் அழைத்துப் போனார்.

"அவன தெரியுதுங்களா சார்?"

தெரியும் என்றேன். நான் நடுவர் என்பதையும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் மாறிவிட்டது.

"அம்மன்தான் சார் உங்கள என் வண்டியில ஏத்திச்சு. திங்கக்கெழம காலைல பெங்களூருல கேம்ப்பு. போலன்னா பேர எடுத்துடுவாங்க, அதோட கபடியால கெடச்ச வேலையும் போச்சு. போவ மாட்டேங்கறான். ஊருக்கே வர மாட்டேன்னு கீழயே கரும்பு வெட்டினு கெடந்தான். நேத்து அம்மா அழுதப்புறம்தான் வரேன்னான். நீங்க ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க சார். 'நீ நின்னிருந்தாலும் நடுவரு அவுட்டுதான் குடுத்திருப்பாரு'ன்னு. அது போதும், கெளம்பிடுவான்."

"கொடுத்திருப்பாரான்னு எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும் சார். சொல்லுங்கன்னுதான் கேக்கறேன்."

தேநீர் பன்னிரண்டு ரூபாய். குடித்து முடித்ததும் டம்ளரை வைத்துவிட்டு வண்டிக்கு நடந்தேன்.

மலைப் பாதை நன்றாகவே இருக்கிறது. வளைவுகளில் மழைக்குப் பின் சரளை சரிந்து கிடக்கும். இரு சக்கர வாகனத்தில் வருபவர்கள் கவனிக்க வேண்டும். மேலே ஏற ஏறச் சாமை வயல்கள் வெளிறிய பழுப்பில் தென்படுகின்றன. சில இடங்களில் அறுப்பு முடிந்திருந்தது. அழகாக இருந்தது என்று எழுத வேண்டும். உண்மையில் நான் பார்த்ததில் பாதி முன் இருக்கைக்காரரின் பிடரிதான்.

ஜமுனாமரத்தூரில் 11.30-க்குச் சாப்பிட உட்கார்ந்தோம். சாப்பாடு எழுபது ரூபாய். சாம்பார் நன்று, பொரியலைத் தவிர்க்கலாம். வேடியப்பன் சோற்றைப் பிசைந்தபடி, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"நடுவராமே சார் நீங்க. அண்ணன் சொல்லிச்சு. நான் அவுட்டா?"

அண்ணாமலை மேசைக்கடியில் என் காலை மிதித்தார். பொய் சொல்வது எனக்குப் பெரிய பாவம் என்றில்லை. அதற்கு வேண்டிய தெம்பு அன்று இல்லை. தொடப்பட்டதற்காக நீங்கள் அவுட் இல்லை, நடுவர் அப்படிக் கொடுக்கவில்லை. கோட்டைத் தாண்டியதற்காக அவுட். நின்றிருந்தால் அந்தப் புள்ளி போயிருக்காது என்று சொன்னேன்.

அண்ணாமலை தண்ணீர்ச் செம்பை ஓசையோடு வைத்தார். தம்பி முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"இப்பதான் சார் ஒருத்தரு ஒழுங்கா சொல்றீங்க. காறித் துப்பறவங்க ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஏர்போர்ட்ல ஒருத்தரு மாலயோட வந்துட்டாரு, 'நேர்மையின் சிகரமே'ன்னு. எனக்கு அதுதான் சார் தாங்கல. நான் இன்னா நேர்மை? எங்கண்ணன கேளுங்க."

"சீட்டாட்டத்துல இவன மாதிரி திருடன் இந்த மலையிலயே கெடையாது சார்," என்றார் அண்ணாமலை உடனே. "தொடைக்கடியில சீட்ட வெச்சினு ஆடுவான்."

"நெனச்சு போவல சார். காலு போய்ட்ச்சு. எங்க ஊரு ஆட்டத்துல நடுவரு கெடையாது. பட்டுச்சுன்னா கைய தூக்கினு நாமளே போய்டணும். அஞ்சு வயசுலேந்து அப்டியே போன காலு."

ஏன் நடுவர் இல்லை என்று கேட்டேன். "எந்த ஊரு ஆள நிக்க வெக்கறது? அதுக்கே அடிதடி ஆய்டும்," என்றார் அண்ணாமலை. ஒருவன் பட்டதை மறைத்து நின்றால் எதிரணியில் யாரும் பாடப் போக மாட்டார்களாம். ஆட்டம் அப்படியே நின்றுபோகும். மறைத்தவனை ஒரு வருடத்துக்கு எந்த ஊரிலும் சேர்க்க மாட்டார்கள்.

கை கழுவும் இடத்தில் வேடியப்பன் என்னிடம் வந்தார். "சாயந்தரம் எங்க ஊர்ல ஆட்டம். ஒரு மணி நேரம் நடுவரா நில்லுங்க சார்." விடுமுறையில் இருக்கிறேன், சீருடை இல்லை, விசில் இல்லை என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "கைதட்டுங்க, போதும்," என்றார்.

விடுதியில் (1,200 ரூபாய்; வெந்நீர் காலையில் மட்டும்) இரண்டு மணி நேரம் படுத்துவிட்டு, மாலை நான்கு மணிக்கு அவர்கள் ஊருக்குப் போனேன். ஜமுனாமரத்தூரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். கடைசி இரண்டில் தார் இல்லை. அறுப்பு முடிந்த மேட்டு நிலத்தைச் சமன்படுத்திச் சாம்பலால் கோடு போட்டிருந்தார்கள். வேடியப்பனின் பதக்கம் கூட்டத்தில் கைமாறிக்கொண்டிருந்தது. "செம்பு மாரி கீது, வித்தா இன்னா வரும்?" என்று ஒருவர் கேட்டார். "உன் மூஞ்சிக்கு ஒரு பீடிக்கட்டு வரும்," என்று வாங்கிக் கொண்டார் வேடியப்பனின் தாய்.

களத்தின் அளவு சரியில்லை. பதின்மூன்று மீட்டருக்குப் பத்து மீட்டர் இருக்க வேண்டும். அகலம் ஒரு மீட்டருக்கு மேல் குறைந்தது. அடியால் அளந்து கோட்டை மாற்றிப் போடச் சொன்னேன். "சாரு பட்டா குடுக்க வந்துகீறாரு, எனக்கும் ரெண்டு அடி சேத்துப் போடுங்க," என்று ஒருவர் சொல்லக் கூட்டம் சிரித்தது. அவர் கோவிந்தன், வேடியப்பனின் அக்காள் கணவர், எதிரணித் தலைவர், கனத்த உடம்பு. அந்த உடம்போடு அவர் பாடிச் சென்ற வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரம் எனக்கு வேலையே இல்லை. பட்டவர்கள் கையைத் தூக்கிவிட்டுப் போனார்கள், நான் பிறகு கைதட்டினேன். பிறகு கோவிந்தன் பாடி வந்தார். வேடியப்பன் இடது மூலை. நடுவில் இருவர் குறுக்கே பாய்ந்ததால் எனக்குக் கோவிந்தனின் முதுகு மட்டுமே தெரிந்தது. அவர் நடுக்கோட்டைத் தொட்டுத் திரும்பி நின்று, வேடியப்பன் வெளியேறுவதற்காகக் காத்திருந்தார்.

வேடியப்பனின் இடது பாதம் பக்கக் கோட்டை நோக்கித் திரும்பியது. திரும்பிய பாதம் தரையிலிருந்து எழவில்லை.

"இன்னாடா? குதிகால்ல பட்டுச்சுல்ல?" என்றார் கோவிந்தன்.

"நடுவரு குடுக்கல மாமா."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. என்னை எதற்காக அழைத்தார் என்று அப்போதுதான் தெரிந்தது: அந்தக் காலை நிற்கப் பழக்க அவருக்கு ஒரு நடுவர் வேண்டியிருந்தது.

கோவிந்தன் என்னிடம் வந்தார். "சார், நான் தொட்டனா இல்லியா?"

"நான் பார்க்கலைங்க."

"பாக்காம இன்னாத்துக்கு சார் நிக்கறீங்க?"

புள்ளி இல்லை, அடுத்த ரைடு என்று அறிவித்தேன். விதிப்படி சரியான தீர்ப்பு. ஓரத்தில் நின்ற பெண்கள் அனைவரும் தொட்டதைப் பார்த்திருந்தார்கள். "டேய் வேடி, வெளிய வாடா! மானத்த வாங்கற!" என்று கத்தினார் தாய். அண்ணாமலை தம்பியின் அணியிலேயே நின்றுகொண்டு, "போடா, போய்த் தொலடா," என்றார். வேடியப்பன் நின்றார். முகத்தில் வியர்வையா கண்ணீரா என்று சொல்ல முடியவில்லை. கோட்டுக்கும் அவர் பாதத்துக்கும் இடையே ஒரு முழம் இருக்கும்.

அவர் அணியில் ஒருவர் பாடப் போய்விட்டுச் சும்மா திரும்பினார். அவரை யாரும் பிடிக்கக்கூட முயலவில்லை. அடுத்து எதிரணியின் முறை. யாரும் வரவில்லை. நான் இரண்டு முறை கைதட்டினேன். கோவிந்தன் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். களத்தில் வேடியப்பன் மட்டும் மிச்சமிருந்தார். எல்லாரும் போன பிறகு குனிந்து, தன் பாதங்களைக் கையால் அழுத்தித் தேய்த்துவிட்டு வெளியே வந்தார்.

"காலைல எத்தன மணிக்கு சார் கெளம்பறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் 6.15-க்குச் செங்கம் வழியாக இறங்கினோம். வேடியப்பனின் பை பின்புறம் இருந்தது. வழியில் கோவிந்தன் கைகாட்டி நிறுத்தி, செங்கத்துக் கடைக்குப் போட வேண்டிய ஒரு மூட்டைச் சாமையோடு ஏறிக்கொண்டார். வாடகை யாருடையது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாற்பத்தெட்டு கிலோமீட்டரும் அவர் வேடியப்பனோடு ஒரு சொல் பேசவில்லை. "இந்த ஆள ஏசிய கொறைக்கச் சொல்லுங்க," என்று அண்ணாமலை வழியாக மட்டும் ஒரு முறை தகவல் அனுப்பினார்.

செங்கத்தில் பெங்களூர்ப் பேருந்து 8.25-க்கு வந்தது. நெரிசலில் வேடியப்பன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். வண்டி நகரத் தொடங்கியதும் கோவிந்தன் கூடவே நடந்து தகரத்தில் தட்டினார்.

"டேய்! அங்க எவன் தொட்டாலும் நேத்து மாரியே நில்லு. இங்க வந்தா வெளிய போ. ரெண்டையும் கொழப்பிக்காத."

"அறுப்பு ஆட்டத்துக்கு வந்தா சேத்துக்குவீங்களா மாமா?"

"ஒரு வருசம் கெடையாது," என்றார் கோவிந்தன். "வழக்கம் வழக்கம்தான்."

வேடியப்பன் தலையசைத்தார். சரியான தீர்ப்பைக் கேட்டவரின் தலையசைப்பு அது.

இனி, போக நினைப்பவர்களுக்கு. படவேடு, போளூர் வழியாக ஏறிச் செங்கம் வழியாக இறங்குவது நல்ல சுற்று. மீட்டர்ப்படி எனக்கு மொத்தம் 127 கிலோமீட்டர் ஆயிற்று, ஊருக்குள் போய் வந்ததையும் சேர்த்து. மலைக்குள் பேருந்துகள் குறைவு. திரும்பும் நேரத்தை முதலில் விசாரித்துவிட்டு ஏறுங்கள். புரட்டாசியில் மாலை மழை வரும், மலையிலுள்ள அருவிக்குக் காலையிலேயே போய்விடுங்கள், நான் போகவில்லை. ஓய்வு வேண்டும் என்று போகிறவர்கள் தொழிலைச் சொல்லாதிருப்பது நல்லது. நான் போனபோது இருந்த களைப்போடுதான் திரும்பினேன். அந்த அரையிறுதியில் கை உண்மையில் பட்டதா என்று அவரிடம் கேட்கவும் இல்லை. அலுவலகத்தில் இப்போதும் கேட்கிறார்கள், அந்தப் பையன் ஏன் தானாக வெளியே போனான் என்று. வெளியே போவது அவருக்குச் சுலபம், நிற்பதுதான் சிரமம் என்று மட்டும் சொல்கிறேன்.