அப்பா டின்மீன் வாங்கிய நாள்

எங்கள் அப்பாவுக்கு வாவியில் மீன் பிடிப்பது தொழில். அண்ணனுக்கு மீன் வளர்ப்பதில் ஆசை. கேட்பவர்களுக்கு இரண்டும் ஒரே காரியம் போலத்தான் இருக்கும். ஆனால் எங்கள் வீட்டுச் சண்டையெல்லாம் அதனால்தான் வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பதினாறு. விடியற்காலையில் அப்பாவோடு தோணியில் போகும் அண்ணன், வலையில் பட்ட திலாப்பியாக் குஞ்சுகளைச் சின்ன வாளியில் உயிரோடு கொண்டுவருவான். வீட்டுக்குப் பின்னால் கிணற்று வளையம் ஒன்று சும்மா கிடந்தது. தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், அது அடி இல்லாத சீமெந்துத் தொட்டி மாதிரி இருக்கும். அண்ணன் அதற்கு அடி பூசித் தண்ணீர் நிரப்பிக் குஞ்சுகளை விட்டான். போகப்போகத் தோணிக்குப் போவதையே குறைத்துவிட்டான். எந்த மீன் எதைத் துரத்துகிறது, எது முட்டையை வாயில் வைத்திருக்கிறது என்று கொப்பியில் எழுதிக்கொண்டு வளையத்தடியிலேயே இருப்பான்.

மீன் வாங்க வரும் வியாபாரி ஒருநாள் அப்பாவிடம், "உங்கட மூத்தவன் மீனைத் தாலாட்ட ஏணையும் கட்டிட்டானா மச்சான்?" என்று கேட்டுவிட்டுப் போனார். தோணிக்கு வராவிட்டால் வளையத்தை உடைத்துப் போடுவேன் என்று அன்று அப்பா கத்தினார். அண்ணன் மண்வெட்டியை எடுத்து ஒளித்துவைத்தான்.

அந்த மாரியில் மழை கூடி வயல்கள் மூழ்கியதால், வாவி கடலில் சேரும் முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டிவிட்டார்கள். வாவித் தண்ணீர் கடலுக்கு இழுத்துக்கொண்டு ஓடியது. மூன்று நாளாக அப்பாவின் வலையில் மீனுக்குப் பதிலாகச் சல்பீனியா என்ற நீர்க்களைதான் வந்தது. அந்த நேரம் பார்த்து அம்மாவின் தமையன், எங்கள் மாமா, கொக்கட்டிச்சோலையிலிருந்து இரண்டு சட்டி தயிரோடு வந்து இறங்கினார். எங்கள் வீட்டு மீன்கறி என்றால் அவருக்கு உயிர். வந்ததும் அதைத்தான் கேட்டார்.

வளையத்தில் உள்ளங்கை அளவில் பத்துப் பன்னிரண்டு கிடக்கிறதே என்று குசினியில் அம்மா மெதுவாகச் சொன்னார். அண்ணன் டியூசனுக்குப் போயிருந்தான். அப்பா கைவலையை எடுத்துக்கொண்டு நடந்தார். எனக்கு அழுகையும் வந்தது, பொரித்த மீன் ஆசையும் வந்தது. இரண்டோடும் பின்னால் போனேன்.

அப்பாவின் நிழல் தண்ணீரில் விழுந்தது. மீன்கள் ஓடி ஒளியவில்லை. எல்லாம் ஒன்றாக மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடின. அப்பா குந்தியிருந்து தண்ணீருக்குள் விரலை விட்டார். ஒன்று வந்து கொத்திப் பார்த்தது. எழும்பி வரும்போது கைவலை நனையவே இல்லை.

"எல்லாம் முள்ளுகா. கறிக்கு உதவாத மீன்" என்றார் அம்மாவிடம். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக் கடைக்குப் போய் இரண்டு டின்மீன் வாங்கி வந்தார்.

மாமா விடவில்லை. "என்ன மச்சான், வாவியில இப்ப டின்னோடயா மீன் படுகுது?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். ஆனால் சோற்றுக் கோப்பையை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

பின்னேரம் அண்ணன் வந்ததும் வாசலுக்கு ஓடினேன். "உன்ர மீன் கறிக்கும் உதவாதெண்டு அப்பா சொன்னவரு" என்றேன். அண்ணன் இரண்டு கிழமை அப்பாவோடு பேசவில்லை. அப்பாவும் விளக்கம் சொல்லவில்லை. நான் உள்ளதைத்தானே சொன்னேன் என்று எனக்கு ஒரே பெருமை.

கடைக்குப் போகுமுன் அப்பா பானையிலிருந்து ஒரு பிடி சோறு அள்ளிக்கொண்டு திரும்பவும் வளையத்தடிக்குப் போனதையும் நான் பார்த்தேன். அதை அண்ணனிடம் சொல்லவில்லை. மீனுக்குச் சோறு போடுவது எங்கள் வீட்டில் தினமும் நடப்பதுதானே, இதிலே சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.