பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கிற ஜாக்கி

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம், டீக்கடையையும் பஞ்சர் கடையையும் தாண்டினால் ஞானப்பூவின் பட்டறை. டிப்பர் லாரியின் தொட்டியைத் தூக்கிக் கவிழ்க்கிற ஜாக்கிகள்தான் அவளுக்குத் தொழில். கழற்றுவாள், ஆயில் கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையங்களான சீல்கள் தேய்ந்திருந்தால் மாற்றுவாள், ஆயில் ஊற்றிப் பிரஷர் ஏற்றிப் பார்த்துக் கொடுப்பாள். அருப்புக்கோட்டையில் ஐ.டி.ஐ. படித்தபோது ஃபிட்டர் வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். கணவன் செல்வதுரை லேத்தும் வெல்டிங்கும் பார்ப்பான். ஜாக்கியை அவனைத் தொடவிடமாட்டாள்.

"இவுக கைக்குப் பொறுமை பத்தாது" என்று அவன் எதிரிலேயே சொல்வாள். அவனும் சிரித்துக்கொண்டு ஆமாம் என்பான்.

போன மாசி மாதம் உப்பு லோடு ஏற்றி வந்த கருத்தப்பாண்டியின் லாரி பட்டறை முன்னால் நின்றது. அவன் பழைய வாடிக்கை. அவனோடு வெயிலில் கருத்துப்போன ஒரு பெரியவர் இறங்கினார். கையில் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று.

"அக்கா, இவுக ராஜகுரு சாரு. சொந்தமாப் பாய்மரப் படகு வச்சிருக்காக. கொச்சியில இருந்து சென்னைக்குப் போற வழியில தூத்துக்குடியில மாட்டிக்கிட்டாக. ஜாக்கி போயிருச்சாம்."

"படகுல எதுக்குலே ஜாக்கி?"

ராஜகுரு துண்டைப் பிரித்தார். முழங்கை நீளத்தில் பளபளவென்று ஒரு சிலிண்டர். கப்பலில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பாய்மரத்தின் உச்சியிலிருந்து படகின் பின்பக்கம் வரைக்கும் ஒரு எஃகுக் கம்பி இறங்கும் என்றும், அந்தக் கம்பியின் அடியில்தான் இது இருக்கும் என்றும் சொன்னார். கைப்பம்பை அடித்தால் கம்பி இறுகும். பலத்த காற்றில் பாய் தொளதொளக்காமல் நிற்கும். இப்போது எவ்வளவு அடித்தாலும் பிரஷர் நிற்கவில்லை. வெளிநாட்டிலிருந்து புதுசு வர மூன்று வாரம் ஆகும். அதற்குள் காற்று திரும்பிவிடும்.

செல்வதுரை அவளைத் தனியே இழுத்தான். "ஏ ஞானம், கடல்ல போறதை நாம தொடணுமா? நடுவழியில புட்டுக்கிச்சுன்னா?"

"லாரி ஜாக்கி புட்டுக்கிட்டாலும் ஆள் மேலதான் விழும். அதைத் தொடலையா?" என்றவள், சிலிண்டரை வாங்கி மேசையில் வைத்தாள்.

திறந்ததும் காரணம் தெரிந்தது. கடல் தண்ணீர் காய்ந்து காய்ந்து, சிலிண்டருக்குள் போய் வருகிற எஃகுத் தண்டான ராடைச் சுற்றி உப்பு மணிகள் கட்டியிருந்தன. ராடு உள்ளே போய் வரும்போதெல்லாம் அவை சீலை அராவித் தின்றிருக்கின்றன. உப்பு லாரிகளில் வருஷக்கணக்காகப் பார்த்த சேதம்தான். ராடில் நல்ல வேளையாகக் குழி விழவில்லை. நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து மெருகேற்றினாள். ராடின் உள்முனையில் இருக்கும் பிஸ்டனின் சீலையும் சேர்த்து மாற்றிவிடுவது என்று மதுரைக்கு போன் போட்டாள். அளவு சொன்ன சீல்கள் மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கின.

பூட்டி, பிரஷர் ஏற்றினாள். பிரஷரைக் காட்டும் கேஜின் முள் ஏறியது. ஏறிய வேகத்தில் இறங்கியது. ராஜகுருவின் முகம் வாடிவிட்டது.

ஞானப்பூ ராடை வெளியே இழுத்தும் உள்ளே தள்ளியும் பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"சார், தப்பு என்னுதுதான். லாரி ஜாக்கி தள்ளும். இது இழுக்குது. பிஸ்டன் சீலைப் பழக்கத்துல லாரிக்குப் போடுற மாதிரி போட்டுட்டேன். ஆயில் எந்தப் பக்கம் அமுக்குதோ, சீலோட வாய் அந்தப் பக்கம் இருக்கணும்."

மறுபடி பிரித்து, சீலைத் திருப்பிப் பூட்டினாள். சாயங்காலம் ஏற்றிய பிரஷர் மறுநாள் காலையிலும் அதே இடத்தில் நின்றது.

சிலிண்டரை வாங்கிக்கொள்ள ராஜகுரு சந்தோஷமாகக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. "நானே வந்து மாட்டுறேன் சார். மாட்டுறதுல ஒரு கோணல் இருந்தாலும் சீலு போயிரும்."

அவள் தூத்துக்குடிக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறாள். பாய்மரப் படகில் ஏறியது அன்றைக்குத்தான். சிலிண்டர் இல்லாத இடத்தில் இரண்டு தடித்த கயிறுகள் பாய்மரத்தைப் பின்னால் இழுத்துப் பிடித்திருந்தன. சிலிண்டரைக் கம்பிக்கு நேராக மாட்டி, ஆயில் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றி, பம்பை அடித்தாள். உச்சி மெல்லப் பின்னால் சாய்ந்தது.

"சார், மரம் வளையுது!"

"வளையணும்மா. அதுக்குத்தான் இவ்வளவு பாடு."

கயிறுகளை அவிழ்த்ததும் ராஜகுரு அவளைப் பார்த்தார். "ஒரு சுத்து போய்ப் பாக்கணும். நீங்க கரையில இருங்க."

"நான் மாட்டுனது. நானும் வாரேன்."

நீச்சல் தெரியாது. மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு கேஜுக்கு எதிரில் உட்கார்ந்தாள். கரை விலகியது. பாய் புடைத்தது, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரு காற்று வந்து மோத, முள் துள்ளி ஏறியது. அவள் படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். காற்று விட்டதும் முள் பழைய இடத்துக்கு வந்தது. அடுத்த காற்றுக்கும் அப்படித்தான். ஏறட்டும், இறங்கட்டும், திரும்ப அதே கோட்டில் வந்து நின்றது.

"பிடிச்சிருச்சு சார்!" என்று கத்தினாள். அதற்கப்புறம்தான் தலையைத் தூக்கிக் கடலைப் பார்த்தாள். எட்டிய மட்டும் நீலம். "இன்னுங் கொஞ்சம் தூரம் போவமா?" என்று அவளே கேட்டாள்.

ராஜகுரு பத்திரமாகச் சென்னை போய்ச் சேர்ந்தார். போன இடமெல்லாம் அவள் பேரைச் சொல்லியிருக்கிறார். இப்போது கொச்சியிலிருந்தும் கோவாவிலிருந்தும் பந்தல்குடிக்குச் சிலிண்டர்கள் பார்சலில் வருகின்றன. வேலை முடித்து அனுப்பும்போது போனில் கண்டிப்பாகச் சொல்வாள்: "ஒவ்வொரு தடவை கடல்ல இருந்து வந்ததும் நல்ல தண்ணி ஊத்தி ராடைக் கழுவித் துடைங்க. படகு சும்மா நிக்கும்போது பிரஷரை இறக்கி விட்ருங்க. கம்பிக்கும் நல்லது, சீலுக்கும் நல்லது."

ஐப்பசியில் கொச்சிப் படகுச் சங்கத்தார் எல்லாப் படகுகளையும் பார்த்துக் கொடுக்கக் கூப்பிட்டார்கள். செல்வதுரையையும் அழைத்துப் போனாள். சோதனை ஓட்டத்தில் அவன் வாந்தி எடுத்தே ஓய்ந்துபோனான். அவள் ஒவ்வொரு படகிலும் ஏறி இறங்கினாள். வரும் தை மாதம் ராஜகுரு மறுபடி தூத்துக்குடிக்கு வருகிறார். ஒரு தடவையாவது சுக்கானைத் தன் கையில் கொடுக்கவேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறாள்.