மெட்டில்டா நிறுத்திய ரயில்

தாம்பரம் சானடோரியத்தில் குடியிருக்கும் மெட்டில்டாவைக் கோபக்காரி என்று சொல்லாத ஆள் இல்லை. முப்பத்தேழு வருஷம் ரயில்வே டீசல் ஷெட்டில் வேலை பார்த்தவர். அப்பா பணியில் இருக்கும்போதே இறந்ததால் இருபத்துமூன்று வயதில் கலாசியாக, அதாவது கடைநிலை உதவியாளராக, சேர்ந்தார். "பொம்பள ஸ்பேனர் புடிச்சா இன்ஜின் ஓடுமா?" என்று முதல் நாளே சிரித்தவர்களுக்கு நடுவில் சீனியர் டெக்னீஷியனாகி ஓய்வு பெற்றார். சிரித்தவர்கள் மேல் அவருக்குப் பெரிய கோபம் கிடையாது. கோபமெல்லாம் ஒரே ஒரு வாக்கியத்தின் மேல்தான்.

தசரதன் என்று ஒருவர் அவரோடு வேலை பார்த்தார். பிரேக்கைச் சோதிக்காமல் இன்ஜினை நகர்த்தச் சொன்ன மேஸ்திரி, "ஒண்ணும் ஆவாது, தள்ளு" என்றார். அன்றைக்குத் தசரதனுக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் போயின. விசாரணையில் தசரதன்தான் கவனக்குறைவாக இருந்தார் என்று எழுதினார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட மெட்டில்டா மறுத்தார். நாலு வருஷம் பதவி உயர்வு தள்ளிப்போனது.

ஓய்வுக்குப் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. படப்பைக்கு உள்ளே தள்ளி, மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் நிலத்தில் ஒன்றரை கிலோமீட்டருக்கு மீட்டர் கேஜ் தண்டவாளம் கிடந்தது. ரயில் பைத்தியம் பிடித்த சிலர் சேர்ந்து அதைச் சீர்படுத்தி, ஒரு பழைய டீசல் இன்ஜினையும் மூன்று பெட்டிகளையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்களை ஏற்றி ஓட்டுவது திட்டம். எல்லாருமே தொண்டர்கள்தான். செயலாளர் பிரசன்னா, பெருங்களத்தூர் அடுக்குமாடியில் வசிக்கும் கம்ப்யூட்டர்காரர். ஓட்டுநர் அக்தர், ஓய்வுபெற்ற லோகோ பைலட். எட்டு வருஷமாகத் துருப்பிடித்துக் கிடந்த அந்த இன்ஜினை ஏழே மாதத்தில் உறும வைத்தவர் மெட்டில்டா. பத்திரிகைக்காரர்கள் வந்தபோது பிரசன்னா பேட்டி கொடுத்தார். மெட்டில்டா இன்ஜினுக்கு அடியில் படுத்திருந்தார்.

டிசம்பரிலேயே அவர் சொல்லிவிட்டார். பெட்டிகளுக்கு இடையே பிரேக்கை இணைக்கும் ரப்பர் குழாய்கள் வெடித்துக் கிடக்கின்றன, மாற்றாமல் ஓட்டக் கூடாது என்று. மூன்று முறை வாட்ஸப் குழுவில் எழுதினார். கட்டைவிரல் குறிகள் விழுந்தன. குழாய் வரவில்லை.

குடியரசு தினத்தன்று நூற்று நாற்பது பேர் வந்திருந்தார்கள். மெட்டில்டா இன்ஜினில் ஏறி மீட்டரைப் பார்த்தார். பிரேக்குக்கான வேக்குவம் குறையில்லாமல் இருபத்தொரு அங்குலம் காட்டியது. போன வாரம் வெடிப்புகளால் பதினைந்தைத் தாண்டாத முள், குழாய் மாற்றாமலே எப்படி ஏறியது? இறங்கிக் கடைசிப் பெட்டிக்கு நடந்தார். அங்கே ரயில் கார்டு பார்க்கும் மீட்டரில் முள் பூஜ்யத்தில் கிடந்தது. திரும்பி வந்து இன்ஜினுக்கும் முதல் பெட்டிக்கும் நடுவில் குனிந்து பார்த்தார். குழாயைக் கழற்றி இன்ஜின் பக்க முனையை அடைத்திருந்தார்கள். மூன்று பெட்டிகளிலும் பிரேக்கை விடுவித்திருந்தார்கள். அதாவது, ரயிலில் பிரேக் இருந்தது இன்ஜினுக்கு மட்டும். தடமோ ஏரிக்கரை வரை இறக்கம். அங்கே ஊருக்குள் போகும் ரோடு குறுக்கே போகிறது.

மறுபடி இன்ஜினில் ஏறினார்.

"இன்னா பாய் இது? உனுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அக்தர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "பிரசன்னா சார்தான் சொன்னாரும்மா. பத்து கிலோமீட்டர் ஸ்பீடுதானே. இன்ஜின் பிரேக்கே புடிச்சிக்கும். ஒண்ணும் ஆவாது."

மெட்டில்டா கையை நீட்டி இன்ஜினை அணைக்கும் பட்டனை அழுத்தினார். அந்த உறுமல் அடங்கியதும் பெட்டிகளிலிருந்து குழந்தைகளின் சத்தம் மட்டும் கேட்டது.

பிரசன்னா ஓடி வந்தார். "மேடம், என்ன பண்றீங்க? ஸ்பான்சர் ஃபேமிலியோட உட்கார்ந்திருக்காரு. ப்ளீஸ், சீன் கிரியேட் பண்ணாதீங்க."

"சீனா? புள்ளைங்க கீது சார் உள்ள! பிரேக்கை அவுத்துப்புட்டு வண்டி ஓட்டறியே, உன் பொண்டாட்டி புள்ளய ஏத்துவியா இதுல?"

"டெக்னிக்கலா இட்ஸ் சேஃப். நான் கால்குலேட் பண்ணிட்டேன்."

"இன்னாத்த கணக்குப் போட்ட? ரெண்டு காலு போன ஆளை நான் பார்த்துகீறேன். அவருக்கும் இப்பிடித்தான் ஒருத்தன் கணக்குப் போட்டான்!"

அவர் பெட்டி பெட்டியாகப் போய் உரக்கக் கத்தினார். "பிரேக் இல்ல. அல்லாரும் எறங்குங்க." ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். வண்டலூரிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒரு பெண், "காலங்காத்தால கிளம்பி வந்தோம், இப்படிக் கெடுத்துட்டீங்களே" என்று மெட்டில்டாவிடமே சண்டை போட்டார். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பதில் சொல்ல வாயெடுத்தார், குரல் உடைந்தது. அழுவதைப் பார்த்துவிடுவார்களே என்ற ஆத்திரத்தில் இன்ஜினுக்கு மறுபக்கம் போய் நின்றுகொண்டார்.

அன்று மாலையே குழுவிலிருந்து அவரை நீக்கினார்கள். 'உணர்ச்சிவசப்பட்டு அமைப்பின் பெயரைக் கெடுத்தார்' என்று பிரசன்னா எழுதியதை யாரோ அனுப்பிவைத்தார்கள். அடுத்த ஞாயிறு போனபோது வாசலில் காவலாளி தடுத்தார். தான் ஓட வைத்த இன்ஜினைக் கம்பி வேலி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அந்தத் தொழிற்சாலை நிலத்தின் உரிமையாளருக்கு நடந்ததையெல்லாம் பதிவுத் தபாலில் நாலு பக்கம் எழுதினார். பதில் இல்லை.

பத்து நாள் கழித்து அக்தர் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லாமல் மெட்டில்டா நின்றார்.

"நேத்து ஆளில்லாம ஓட்டிப் பார்த்தேம்மா. பெட்டிங்கள்ல மணல் மூட்டை ஏத்திக்கினு. ரோட்டுக்கு முன்னாடி நிக்கணும்னு பிரேக் போட்டேன். ரோட்டைத் தாண்டி நாப்பதடி போய்த்தான் நின்னுச்சு. நாலு பேர் ரெண்டு பக்கமும் வண்டியெல்லாம் மறிச்சி வச்சிருந்தாங்க, தப்பிச்சோம். அன்னிக்கு நீ நிறுத்தலன்னா..."

"நாப்பது வருஷம் ஓட்டினவன் நீ. உனுக்குத் தெரியாதா பாய்? அந்தாளுக்குத் தெரியாது, சரி. நீ எதுக்கு வாயை மூடிக்கினு இருந்த?"

அக்தர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அக்தர் அதோடு விடவில்லை. மெட்டில்டா பார்த்துச் சரியென்று சொல்லாமல் இனி ஓட்ட மாட்டேன் என்று கமிட்டியில் சொல்லிவிட்டார். வேறு ஓட்டுநர் இல்லை. பிரசன்னா பொன்னாடையோடு வந்தார். மெட்டில்டா அதைத் தொடவில்லை.

"ஆறு குழாயும் புதுசு வாங்கு. டெஸ்ட் பண்ண ரிஜிஸ்டரை ஜனங்க கண்ணுல படறாப்புல மாட்டு. அப்புறம் அன்னிக்கு வந்தவங்களுக்கு நீ பண்ண தப்பை எழுதி அனுப்பு."

முதல் இரண்டும் நடந்தன. மூன்றாவது நடக்கவில்லை. இருந்தும் மெட்டில்டா திரும்பிப் போனார். "அந்தாளுக்காவ போவல. நான் போவலன்னா வேற எவனாவது குழாயை அவுப்பான்" என்றார். பிரசன்னாவோடு பேச்சு மட்டும் கிடையாது.

மார்ச்சில் ரயில் மறுபடி ஓடத் தொடங்கியது. முதல் ஓட்டத்தன்று, புதுக் குழாயை மாட்டிக்கொண்டிருக்கும் மெட்டில்டாவின் படத்தை அமைப்பின் இணையப் பக்கத்தில் பிரசன்னா போட்டிருந்தார். மேலே, 'எங்களுக்குப் பாதுகாப்பே முதன்மை' என்று எழுதியிருந்தது.

மெட்டில்டா போனை எடுத்தார். பொன்னாடையோடு வந்த நாளுக்குப் பிறகு முதல் முறையாகப் பிரசன்னாவைக் கூப்பிட்டார்.

"என் மூஞ்சியை அதுலேர்ந்து எடு" என்றார். "இப்பவே."

ஐந்து நிமிஷத்தில் படம் போய்விட்டது.