செண்பகத்தின் அளவு

அடையாறு ஆற்றோரத்தில் பிறந்து வளர்ந்து, பிறகு அரசால் பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டவள் செண்பகம். வீடு மாறியது, பிழைப்பு மாறவில்லை. விடிந்ததும் புருஷன் வேலுவோடு குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் அடையாறுக்கு வந்து, அங்கே குடியிருப்புகளுக்குத் தண்ணீர் கேன் போடுவாள். வேலுவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து அவன் வண்டி ஓட்டுவதோடு சரி. கேனைத் தோளில் வைத்து மாடி ஏறுவது அவள்தான்.

வயது நாற்பத்தொன்று. குள்ளமான, அகலமான உடம்பு. சுடிதார், நைட்டி எடுக்கத் தி.நகரில் எந்தத் துணிக்கடைக்குப் போனாலும், அவள் வாய் திறக்கும் முன்பே, "உங்க சைஸ் வராதுக்கா" என்று விற்கிற பெண் சொல்லிவிடுவாள். செண்பகத்துக்கு அது பழகிப்போயிருந்தது. மற்றவர்கள் சிரிக்கும் முன்பு தானே சிரித்துவிடுவாள்.

போன வருஷம் ஜூலையில், மகள் தமிழ்நிலா படிக்கும் பள்ளியில் பிள்ளைகளை ஓர் அறிவியல் பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். துணைக்குச் சில அம்மாக்கள் வேண்டுமென்றதும், செண்பகம் கேன் வேலைக்கு லீவு விட்டுவிட்டுக் கிளம்பினாள். ராட்டினத்தில் சுற்றிக்கொண்டே புவியீர்ப்பைப் படிக்கலாம், ஊஞ்சலில் ஆடிக்கொண்டே விசையைப் படிக்கலாம் என்று கட்டப்பட்ட இடம் அது. உயரத்திலிருந்து சட்டென்று விழுகிற ஒரு நாற்காலி வரிசை இருந்தது. அம்மாவும் மகளும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்கள். செண்பகத்தின் மடிமேல் இரும்புத் தண்டு பூட்டவில்லை. பணியாள் அழுத்திப் பார்த்தான், மறுபடி அழுத்திப் பார்த்தான்.

"இறங்கிடுங்கம்மா. லாக் ஆகலைன்னா அனுப்ப முடியாது."

வரிசையில் யாரோ கெக்கலித்தார்கள். தமிழ்நிலா தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்குச் செண்பகத்தால் முந்திச் சிரிக்க முடியவில்லை.

"நீ போய்க்கினு வா. நான் நெழலா கீற எடத்துல நிக்கிறேன்" என்று சொல்லி, எதிரே இருந்த குளிர்சாதனக் கூடத்துக்குள் நுழைந்துவிட்டாள்.

அங்கே மனித உடம்பைப் பற்றிய கண்காட்சி. ஒரு மூலையில் வஜீஹா என்ற ஆராய்ச்சி மாணவி, திரை கட்டிய ஓர் அறைக்கு வெளியே நின்று வருகிறவர்களை அழைத்துக்கொண்டிருந்தாள். துணி தைக்கும் கம்பெனிகள் வைத்திருக்கும் அளவுகள் நம் ஊர்ப் பெண்களுக்குப் பொருந்துவதில்லை, அதனால் சென்னைப் பெண்களின் உடல் வடிவத்தைப் பதிவுசெய்கிறோம் என்று விளக்கினாள். பலர் வெட்கப்பட்டு நகர்ந்தார்கள்.

"என்னிய மாதிரி உடம்பெல்லாம் எடுப்பியாம்மா?" என்றாள் செண்பகம்.

"உங்களை மாதிரி இருக்கிறவங்கதான் உள்ளயே வரமாட்டேங்கிறாங்க. அவங்க இல்லாம எழுதினா அது என்ன ஆராய்ச்சிக்கா?"

அந்தப் பதில் செண்பகத்துக்குப் பிடித்துப்போயிற்று. உள்ளே போய்ப் புடவையைக் களைந்து நின்றாள். கருவி சுற்றி வந்து படம் எடுத்தது. திரையில் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம் மெல்லத் திரும்பியது. முகமில்லை, புடவையில்லை. தன் உடம்பை அவள் முழுசாகப் பார்த்தது அதுவே முதல் தடவை. தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கிற கட்டை மாதிரி உறுதியாக இருந்தது. அசிங்கமாக இல்லை.

புடவையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஆய்வின் அடுத்த பகுதி, உடல் வடிவத்துக்கும் பலத்துக்கும் உள்ள தொடர்பைப் பார்ப்பது. தரையோடு பிணைத்த சங்கிலியின் கைப்பிடியைப் பிடித்து மேல்நோக்கி இழுக்க வேண்டும். செண்பகம் புடவையைச் செருகிக்கொண்டு இழுத்தாள். வஜீஹா எண்ணைப் பார்த்தாள், கருவியைத் தட்டிப் பார்த்தாள். "இன்னொரு தடவை இழுங்கக்கா" என்றாள். மறுபடியும் அதே அளவுதான்.

"இதுவரைக்கும் வந்த பெண்கள்ல யாரும் இதுக்குக் கிட்டக்கூட வரல. கை நீளம், முதுகு குட்டை, இடுப்பு அகலம். தரையிலேர்ந்து எடை தூக்குறவங்களுக்குத் தோதான உடம்பு. ஆனா உடம்பைப் பார்த்து ஜாதகம் சொல்ல முடியாதுக்கா. பழகினாதான் தெரியும்."

நந்தனத்தில் பளுதூக்கும் கூடம் நடத்தும் நாகராஜ் என்பவரின் எண்ணைக் கொடுத்தாள்.

வேலுவிடம் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னா செம்பா, இந்த வயசுலயா?"

"ஆமா, இந்த வயசுலதான்" என்றாள்.

வேலுவின் இடுப்பு வலிவரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட நாகராஜ் பாராட்டவில்லை. அவள் கம்பியை எடுத்த விதத்தைப் பார்த்ததும், "முதுக வளைச்சுத் தூக்குற. இப்படியே போனா உன் வீட்டுக்காரர் மாதிரி நீயும் படுத்துடுவ" என்றார். எடை மாட்டாத வெறும் கம்பியை வைத்தே வாரக்கணக்கில் பழக்கினார். காலால் தள்ளு, நெஞ்சை நிமிர்த்து, மூச்சை அடக்கு. எத்தனையோ வருஷம் தூக்கியே பிழைத்தவளுக்குத் தூக்கக் கற்றுக்கொள்வது பெரும்பாடாக இருந்தது. இரண்டு முறை கோபித்துக்கொண்டு வெளியேறினாள், இரண்டு முறையும் மறுநாளே திரும்பி வந்தாள்.

மாவட்டப் போட்டிக்குப் பேர் கொடுத்த பிறகு வேறொரு சிக்கல். உடம்போடு ஒட்டிய போட்டி உடுப்பு அவள் அளவில் எங்கும் கிடைக்கவில்லை. வஜீஹாவுக்குப் போன் போட்டாள்.

"உங்க அளவு முழுக்க எங்கிட்ட இருக்கேக்கா!"

பத்து நாளில் வஜீஹாவின் ஆய்வுக்கூடத்திலேயே உடுப்பு தைத்து வந்தது. போட்டுக்கொண்டு குனிந்தாள், நிமிர்ந்தாள். எங்கும் பிடிக்கவில்லை, எங்கும் தொங்கவில்லை. இத்தனை வயதில் அவள் உடம்புக்கு அப்படியே பொருந்திய முதல் உடுப்பு. கண்ணாடி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொண்டாள்.

இந்த ஜூனில் மாவட்டப் போட்டி, நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள் பிரிவு. கம்பியைத் தரையிலிருந்து தூக்கி, நடுவரின் கை இறங்கும்வரை நேராக நிற்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் மூன்று வாய்ப்பு. முதல் முறை நூற்றிருபது கிலோவைச் சுலபமாகத் தூக்கிய செண்பகம், சந்தோஷத்தில் நடுவரின் சைகைக்கு முன்பே கம்பியை இறக்கிவிட்டாள். மூன்று சிவப்பு விளக்குகளும் எரிந்தன, அந்த முறை செல்லாது. இரண்டாம் முறை அதே எடையைத் தூக்கிப் பொறுத்திருந்து இறக்கினாள், வெள்ளை விளக்கு எரிந்தது. அதற்குள் அம்பத்தூரிலிருந்து வந்த ஒருத்தி நூற்று முப்பத்தைந்தைத் தூக்கிவிட்டாள்.

"எவ்ளோ போடலாம்?" என்று நாகராஜ் கேட்டார்.

"அதுக்கு மேல போடு சார்."

அதற்கடுத்த படி நூற்று முப்பத்தேழரை கிலோ. கூடத்தில் அவள் அவ்வளவு தூக்கியதில்லை. கம்பியைப் பற்றினாள். முதலில் அசையவே இல்லை. பிறகு மெதுவாக, மிக மெதுவாகத் தரையை விட்டு எழும்பியது. முழங்காலருகே வந்து நின்றுவிட்டது. தமிழ்நிலா நாற்காலிமேல் ஏறி நின்று, "எம்மா... வுடாத!" என்று கத்தினாள். இடுப்பை முன்னால் தள்ளினாள் செண்பகம். தோள் பின்னால் போயிற்று. நேராக நின்றாள். நடுவரின் கை இறங்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

மூன்று வெள்ளை விளக்குகள்.

வேலு இடுப்பு வலியை மறந்து தடுப்பைத் தாண்டி ஓடி வந்தான். "எம்பொண்டாட்டிபா! எம்பொண்டாட்டி!" என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னான். அம்பத்தூர்க்காரி வந்து கட்டிக்கொண்டாள். செண்பகம் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை நந்தனம் கூடத்துக்கு அவள் தனியாகப் போகவில்லை. பெரும்பாக்கத்தில் அவள் வீட்டுக்கு மேல்வீட்டு நஸ்ருன்னிசாவும், எதிர் பிளாக்கிலிருந்து இன்னும் சில பெண்களும் வண்டியில் ஏறிக்கொண்டார்கள். நாகராஜ் வாசலில் நின்று எல்லோரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார் பாத்துக்கினு கீற?" என்றாள் செண்பகம். "கம்பிய எடு."